ஆடும் கைப்பிடி: 250 டாலர் வாள் ஒன்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வு

இடைக்கால ஐரோப்பிய வாளின் நகல் வாங்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் அலகைப் பற்றித்தான். என்ன எஃகு, கடினம் எவ்வளவு, வளைத்தால் நிமிருமா? 150 முதல் 350 டாலர் வரை விற்கும் தொழிற்சாலை வாள்களில் அலகு பெரும்பாலும் தேறிவிடும். கோளாறு கைப்பிடியில் வரும். அலகை இயந்திரத்தில் தேய்க்கலாம், நூறு நூறாகப் பதம் வைக்கலாம். அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்பின் துளையை ஒவ்வொரு அலகுக்கும் பார்த்துப் பார்த்து அரம் போட ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இந்த விலையில் அந்த நேரம் கிடைக்காது.

அப்படிப்பட்ட ஒரு வாள்தான் இந்த ஆய்வுக்குப் பொருள். தயாரிப்பாளர் பெயர் தேவையில்லை. இதே கோளாறு பல முத்திரைகளில் வருகிறது.

வாளும் புகாரும்

ஒரு கையால் பிடிக்கும் நேரான வாள். இங்கிலாந்தின் வாள் ஆய்வாளர் யூவர்ட் ஓக்‌ஷாட் வகுத்த வரிசையில் XII ஆம் வகையை ஒட்டியது: அகன்ற அலகு, நடுவில் முக்கால் நீளத்துக்கு ஓடும் பள்ளம், கைப்பிடியின் கடைசியில் சக்கர வடிவக் குமிழ். மொத்த நீளம் 97 செ.மீ., அலகு 82 செ.மீ., எடை 1.28 கிலோ. விரலில் வைத்தால் கைக்காப்பிலிருந்து 14 செ.மீ. தள்ளி நிலைகொள்கிறது. இந்த எடையும் சமநிலையும் பழைய வாள்களுக்கு உள்ள வரம்புக்குள்தான். ஐந்து கிலோ, பத்து கிலோ வாளெல்லாம் சினிமாவில் மட்டும்.

அலகின் தடிப்பை வெர்னியரால் மூன்று இடத்தில் எடுத்தோம்: கைக்காப்பின் அருகே 4.8 மி.மீ., நடுவில் 4.1, நுனிக்கு 5 செ.மீ. முன்னால் 2.9. நுனியை நோக்கித் தடிப்பு குறைகிறது, அது நல்லது. மிக மலிவான வாள்களில் மூன்று இடத்திலும் ஒரே அளவு வரும்; அவை கையில் எடுத்ததுமே நுனிப் பக்கம் சாயும்.

புகார் இதுதான். தண்ணீர் பாட்டிலும் நனைத்துச் சுருட்டிய பாயும் வெட்டப் பயன்பட்ட வாள், சில வாரங்களில் கைக்காப்பில் 'கடக் கடக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு கைப்பிடியே அலகைச் சுற்றி லேசாகத் திரும்பியது. குமிழின் தலையில் உள்ள நட்டை உரிமையாளர் பிளையரால் இறுக்கினார். நட்டு கல்லாக நின்றது, ஆட்டம் நிற்கவில்லை. அடுத்து இடைவெளியில் சூப்பர் க்ளூ ஊற்றினார். இரண்டு வெட்டு தாங்கியது, பிறகு பழையபடி சத்தம். அந்தப் பசை இறுகினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அதிர்ச்சி தாங்காது.

நட்டு இறுகியிருக்கிறது, கைப்பிடி ஆடுகிறது. இந்த முரணில்தான் விடை இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது

அலகின் பின்பக்கம் குறுகி ஒரு காம்பாகக் கைப்பிடிக்குள் போகிறது. அலகு காம்பாகக் குறுகும் இடம் தோள். கைக்காப்பு காம்பில் கோத்துத் தோளில் உட்காரும். அதன் மேல் மரக் கைப்பிடி, அதன் மேல் குமிழ். காம்பின் கடைக்கோடியில் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டும். இடைக்காலக் கொல்லர்கள் காம்பின் நுனியைக் குமிழுக்கு வெளியே நீட்டி, சூடாக்கி, ரிவிட் மாதிரி தட்டி விரித்துவிட்டார்கள். இன்றைய மலிவு வாள்கள் பலவற்றில் மரையும் நட்டும்தான். நட்டு என்றாலே மட்டம் என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. சீன நிறுவனமான ஹான்வெயின் டிங்கர் வரிசை வாள்களில் குமிழுக்குள் புதைந்த ஆலன் நட்டுதான் இருக்கிறது. பிரித்து அலகையே மாற்றலாம் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். தட்டி விரித்த வாளும் ஆடும். அதைத் திரும்பத் தட்டச் சுத்தியல் பழகிய கை வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

பிரித்தல்

அலகை மாஸ்கிங் டேப்பால் நான்கு சுற்றுச் சுற்றி, வைஸின் இரு தாடைக்கும் மரக்கட்டை வைத்து, நுனி கீழே இருக்கும்படி பிடித்தோம். சூப்பர் க்ளூ இறங்கிய இடத்தில் அசிட்டோன் நனைத்த துணி ஒரு மணி நேரம். நட்டுக்கு வளைய ஸ்பானர். பிளையர் பட்ட இடம் ஏற்கெனவே மழுங்கியிருந்தது. சில வாள்களில் நட்டை எபாக்ஸி போட்டு ஒட்டியிருப்பார்கள். அப்போது ஹீட் கன்னால் 120 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் எபாக்ஸி இளகும். தோளுக்கு ஈரத்துணி சுற்றிவிட்டுச் செய்ய வேண்டும். 200 டிகிரியைத் தாண்ட வேண்டிய அவசியமே வராது. நேரடி நெருப்பு கூடவே கூடாது.

குமிழ் மரச் சுத்தியல் தட்டில் வந்தது. கைப்பிடி கையோடு வந்தது. கைக்காப்பு தானாகவே விழுந்தது.

கண்டவை:

- நட்டு மேல்பக்கம் மூடியது. உள்ளே மரையின் ஆழம் 11 மி.மீ. குமிழுக்கு மேல் நீட்டியிருந்த தண்டின் நீளம் 11.4 மி.மீ. தண்டின் நுனியில் காசளவு கூட இல்லாத ஒரு பளபளப்பான வட்டம், நட்டின் உட்கூரையில் அதே அளவு தேய்மானம்.
- காம்பின் தடிப்பு 4.6 மி.மீ.; கைக்காப்பின் துளை 6.3 மி.மீ.
- இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மற்றதைவிட 0.6 மி.மீ. உயரம்.
- தோளும் காம்பும் சேரும் மூலை செங்கோணமாக, கூராக வெட்டப்பட்டிருந்தது.
- மரத்தில் காம்புக்கான துளையை உருண்டையாகத் துளைத்திருந்தார்கள். தட்டையான காம்பு அதன் இரு ஓரத்தில் மட்டும் படுகிறது. குமிழ்ப் பக்கத்திலிருந்து 6 செ.மீ. நீளத்துக்கு விரிசல்.
- காம்பின் முடிவில் M8 (8 மி.மீ. விட்டமுள்ள) மரைத் தண்டு வெல்டு செய்யப்பட்டிருந்தது. வெல்டில் வெடிப்பு இல்லை. வெடிப்பைச் சாயக் கோடாகக் காட்டும் டை பெனட்ரன்ட் போட்டுப் பார்த்தபோதும் கோடு எதுவும் எழவில்லை.

ஏன் ஆடியது

மேலே உள்ள பட்டியலின் முதல் வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. நட்டு குமிழை அழுத்தவே இல்லை. தண்டின் நுனி நட்டின் கூரையில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் மரை கெடுமே தவிர, குமிழுக்கு அடியில் உள்ள 0.4 மி.மீ. இடைவெளி மூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மரமும் தோலும் சற்று உப்பலாக இருந்து அந்த இடைவெளியை மறைத்திருக்கும். வாங்கியவுடன் ஆடாமல் பிறகு ஆடியதற்குக் காரணம் அதுதான்.

மரம் காய்ந்து சுருங்கியதால் தளர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. கைப்பிடியில் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நீளவாக்கில் மரம் சுருங்குவது மிகக் குறைவு. பச்சை மரம் முற்றாகக் காய்ந்தால் கூட நூற்றில் 0.1, 0.2 பங்குதான். 10 செ.மீ. கைப்பிடிக்கு அது 0.2 மி.மீ.யைத் தாண்டாது, ஏற்கெனவே காய்ந்த மரத்தில் அதுவும் வராது. உண்மையில் நீளம் குறைவது நசுங்குவதால். மரத்தின் முனையில் மடித்து ஒட்டிய தோல், தடவிய பெயின்ட், ரம்பம் போட்டபடியே விட்ட நார் முனை, இவையெல்லாம் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகின்றன. குறுக்குவாக்கில் சுருங்குவது வேறு கதை. அதனால் துளை காம்பை விட்டு விலகும், கைப்பிடி சுற்றும். இந்த வாளில் இரண்டும் நடந்திருக்கிறது.

தோள்களின் ஏற்றத்தாழ்வால் கைக்காப்பு ஒரே தோளில் நின்று ஆடியது. துளையின் 1.7 மி.மீ. இடைவெளி ஆட்டத்துக்கு இடம் கொடுத்தது.

வெட்டுப் பழக்கமும் ஒரு காரணம். அலகைத் தட்டினால் அது அதிரும். ஆனால் எல்லா இடமும் ஒரே அளவு அதிராது. கைப்பிடியை இரண்டு விரலில் தளர்வாகப் பிடித்துக் குமிழைப் பக்கவாட்டில் முஷ்டியால் தட்டிப் பாருங்கள். அலகில் ஓரிடம் மட்டும் அசையாமல் நிற்கும். இந்த வாளில் அது கைக்காப்பிலிருந்து சுமார் 54 செ.மீ.யில் இருந்தது. அங்கே வெட்டு விழுந்தால் கைப்பிடிக்கு அதிர்ச்சி குறைவு. நுனியால் வெட்டுபவரின் வாள் சீக்கிரம் தளரும். அலகில் தெரிந்த பாயின் தழும்புகள் பெரும்பாலும் நுனியிலிருந்து ஒரு சாணுக்குள்தான் இருந்தன.

செய்த வேலை

முதலில் தோள். உயரமான தோளை நுண் அரத்தால் 0.6 மி.மீ. இறக்கி இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். மட்டம் பார்க்கக் கைக்காப்பின் அடியில் மார்க்கர் மை தடவி, கோத்துத் தட்டி, எடுத்து, மை ஒட்டிய இடத்தை மட்டும் அரம் போட வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்தால் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் உயரும். அப்புறம் துரத்திக்கொண்டே போக வேண்டியதுதான். பிறகு உட்புற மூலையை உருண்டை அரத்தால் 1.5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்து, 400 உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தோம். கூரான மூலையில்தான் இழுவிசை குவிந்து வெடிப்பு தொடங்கும். காம்பு முறிந்த வாள்களில் முறிவு பெரும்பாலும் இந்த மூலையிலோ வெல்டிலோதான் இருக்கும். மூலையை ஆழப்படுத்திக் காம்பைக் குறுக்கிவிடக் கூடாது, கவனம்.

கைக்காப்பின் துளைக்கு 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் இரண்டு துண்டு, காம்பின் இரு தட்டைப் பக்கத்திலும் ஒன்று. மீதமிருந்த 0.1 மி.மீ.க்கு இரும்புத் தூள் கலந்த எபாக்ஸி. ஒரு பக்கம் மட்டும் தகடு செருகினால் கைக்காப்பு அலகின் நடுவிலிருந்து விலகி உட்காரும்.

கைப்பிடியின் விரிசலில் எபாக்ஸியை ஊசியால் செலுத்தி, கயிறு சுற்றி இறுக்கி 24 மணி நேரம் விட்டோம். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி இந்த வேலைக்கு ஆகாது. மெதுவாக இறுகுவதே அதிர்ச்சி தாங்கும். இரண்டு முனையிலும் மடிந்திருந்த தோலைக் கத்தியால் வெட்டி எடுத்து, மரத்தின் முனை நேராக இரும்பில் படும்படி செய்தோம். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் திரும்பத் தளராமல் இருப்பதில் பெரும் பங்கு இதற்குத்தான். காம்பில் மெழுகு பாலிஷ் பூசி, மரத்தூள் கலந்த எபாக்ஸியைத் துளையில் நிரப்பிக் காம்பைச் செருகி இறுக விட்டால், துளை காம்பின் வடிவத்துக்கே வார்ப்பாகிவிடும். மெழுகு இருப்பதால் பிறகு கழற்றவும் முடியும்.

நட்டு கடைசியில். எல்லாவற்றையும் கோத்து, குமிழை மரக்கட்டை வைத்துத் தட்டி உட்கார வைத்த பிறகுதான் தண்டை அளக்க வேண்டும்; தோளை இறக்கியதால் நீட்டம் கூடியிருக்கும். இப்போது 11.8 மி.மீ. 2.5 மி.மீ. அறுத்து எடுத்தோம். மிஞ்சிய 9.3 மி.மீ. நட்டுக்குள் பிடிக்கிறது. M8 மரைக்கு விட்டத்தளவாவது, அதாவது 8 மி.மீ.யாவது, பிடிமானம் இருக்க வேண்டும். அறுப்பதற்கு முன்பே ஒரு நட்டைத் தண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு, அறுத்தபின் அதைக் கழற்றினால் கெட்ட மரை தானாகச் சீராகும்.

கையால் இறுக்கி, ஸ்பானரில் கால் சுற்று. ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்தபோது இன்னும் கொஞ்சம் சுற்றியது. மரம் அமுங்கியிருக்கிறது. அதன்பிறகே நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு நிறத்தது வேண்டாம். அடுத்த முறை சூடாக்கித்தான் கழற்ற வேண்டிவரும்.

பொருள் செலவு 20 டாலருக்குள். கை வேலை ஒரு நாள்தான், எபாக்ஸி இறுகக் காத்திருப்பதையும் சேர்த்தால் நான்கு நாள். கைக்காப்பைப் பிடித்து முறுக்கினாலும், குமிழைத் தட்டினாலும் இப்போது சத்தமில்லை.

வாங்கும்போதே பார்த்திருந்தால்

இந்த விலையில் வரும் வாள்கள் எங்கே செய்யப்படுகின்றன என்பது ஒளிவுமறைவான விஷயமல்ல. டேராடூனில் 1943 முதல் இயங்கும் விண்ட்லாஸ், மீரட்டின் டீபீகா, சீனாவின் தாலியனில் உள்ள ஹான்வெய் ஆகியவை பெரிய பெயர்கள். இடைக்காலத்திலும் பாசாவ், ஸோலிங்கன் போன்ற ஊர்கள் அலகுகளை மொத்தமாகச் செய்து அனுப்பின. கைப்பிடி வேறெங்கோ பொருத்தப்பட்டது. ஆகவே மொத்தத் தயாரிப்பு என்பதே குறையாகாது. அமெரிக்காவில் விஸ்கான்ஸினின் ஆல்பியன் மாதிரி ஆயிரம் டாலருக்கு மேல் விலை வைப்பவர்களிடம் அலகோடு சேர்த்துப் பொருத்தும் வேலைக்கும் பணம் கொடுக்கிறோம். 250 டாலரில் அந்த வேலை வாங்குபவர் தலையில் விழுகிறது.

ஆர்டர் போடுமுன் விற்பவரிடம் நான்கு கேள்வி போதும். காம்பு எப்படி முடிகிறது: தட்டி விரித்ததா, நட்டா? தடிப்பு கைக்காப்பில் எவ்வளவு, நுனியருகே எவ்வளவு? சமநிலைப் புள்ளி எங்கே? கூர் போட்டு வருமா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை மி.மீ. தடிப்பு ஓரத்தோடு வரும் வாளை வீட்டில் கூராக்குவது எக்கச்சக்க வேலை. பெல்ட் கிரைண்டரில் வைத்து ஓரம் நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். பெரிய விற்பனையாளர்கள் சிறு கட்டணத்துக்குக் கூர் போட்டே அனுப்புவார்கள்.

'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டிருந்தால் சுவரில் மாட்ட மட்டும். 420, 440 வகைத் துருப்பிடிக்காத எஃகில் செய்த அலங்கார வாள்களில் காம்பு என்பது பெரும்பாலும் பின்னால் ஒட்டிய பென்சில் தடிமன் கம்பி. அமெரிக்க டிவி விற்பனை நிகழ்ச்சி ஒன்றில், உறுதியைக் காட்ட மேசையில் தட்டிய அலங்காரக் கட்டானா (ஜப்பானிய வாள்) நேரலையில் முறிந்து, துண்டு பறந்து வந்து விற்பவரையே குத்தியது. வெட்டுவதற்கு 1060, 1065, 5160 போன்ற கார்பன் அல்லது ஸ்பிரிங் எஃகு வேண்டும். அது துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை மிஷின் ஆயில். சென்னை, கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில் வாரம் ஒருமுறை. தோல் உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

கூர் வாளோடு இன்னொரு வாளை மோதவிட்டுப் பயிற்சி செய்வதற்கு இவை எதுவும் பொருந்தாது. அதற்கு மழுங்கிய ஓரமும் உருட்டிய நுனியும் உள்ள தனி வகை இருக்கிறது.

சட்டமும் ஊருக்கு ஊர் வேறு. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016 ஆம் ஆண்டு விதிகளும் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய வாளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கானவைக்கு மட்டும் விலக்கு. டேராடூனில் செய்ததாயிற்றே என்று ஆன்லைனில் தட்டிவிடுமுன் மாவட்ட நிர்வாகத்திடமோ காவல் நிலையத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது. பிரிட்டனில் 2008 இல் வந்த தடை 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த அலகுகளுக்கு. நேரான ஐரோப்பிய வாள் அதில் வராது.

எப்போது கை வைக்கக் கூடாது

பெட்டி திறந்த அன்றே கைக்காப்பு ஆடினால் பிரிக்காதீர்கள். படமும் சத்தத்தோடு ஒரு வீடியோவும் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். நட்டில் ஸ்பானர் தழும்பு விழுந்தபின் எந்த விற்பனையாளரும் வாளைத் திரும்ப வாங்கமாட்டார். திருப்பும் கெடு முடிந்த வாளில் மட்டுமே மேலே சொன்ன வேலை.

பிரித்துப் பார்க்கையில் வெல்டிலோ தோள் மூலையிலோ மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும். அதன் மேல் மறுபடி வெல்டு செய்தால் பக்கத்தில் உள்ள எஃகு பதம் கெட்டு, அடுத்த முறிவு ஒரு செ.மீ. தள்ளி வரும். வெட்டும் வேகத்தில் காம்பு முறிந்தால் முக்கால் கிலோ அலகு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வாளின் ஓரத்தை மழுக்கி, சுவருக்கு அனுப்பிவிடலாம். கைக்காப்பும் குமிழும் அளவு ஒத்துவந்தால் வேறு அலகுக்குப் பயன்படும்.

பழுது பார்த்த இந்த வாளுக்கு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. நுனியிலிருந்து 20 செ.மீ.யில் அலகு இடப்பக்கம் 2 மி.மீ. வளைந்திருக்கிறது, பாயைச் சாய்வாக வெட்டியதில் வந்தது. முழங்காலில் வைத்து எதிர்ப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து நிமிர்த்தலாம். ஆனால் கைக்காப்பில் போட்ட எபாக்ஸி முழு வலுவுக்கு வர ஏழு நாள் ஆகும். அதற்கு முன் அலகை வளைத்தால் தகடுகள் நழுவிவிடும்.